வேட்பாளர் ஏறாத மேடை

பொங்கல், தீபாவளி என்றால் காலையில் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் உண்டு. சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்திருப்பார்; இரண்டு அணிகளும் மாறி மாறி வாதிட, வீடே உட்கார்ந்து கேட்கும். கோயில் திருவிழாவில் வழக்காடு மன்றம் நடந்தால் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையாது. புகார் நகரின் இந்திர விழாவைச் சொல்லும் மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. எதிராளியின் வாதத்துக்கு அவர் முகத்துக்கு நேரே பதில் சொல்வதை இவ்வளவு காலமாக ரசித்துக் கேட்டு வரும் சமூகம் இது. ஆனால், நம்மிடம் வாக்குக் கேட்டு வரும் இரண்டு வேட்பாளர்கள் மட்டும் ஒரே மேடையில் ஏறுவதே இல்லை.

ஒரு சாதாரண வாக்காளனாக எனக்கு இருக்கும் முதல் குறை இதுதான். வாக்குக்குப் பணம் கொடுப்பது பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எந்த இடம் காலியாகக் கிடப்பதால் அந்தப் பணம் உள்ளே நுழைகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

தேர்தல் காலத்தில் ஒரு வேட்பாளரை நாம் எப்படிச் சந்திக்கிறோம்? திறந்த வாகனத்தில் கும்பிட்டபடி வருகிறார். தெருமுனையில் ஆரத்தி எடுக்கிறார்கள். சின்னத்தின் பெயரைச் சொல்லி, தலைவரின் பெயரைச் சொல்லி, மூன்று நிமிடத்தில் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். குடிநீர்த் தொட்டி ஏன் பாதியில் நிற்கிறது என்று ஒருவர் குரல் எழுப்பினால், சுற்றி நிற்பவர்கள் அவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சமாதானம் சொல்வார்கள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வேட்பாளருக்கு எந்த இடத்திலும் இல்லை.

இரவில் தொலைக்காட்சியைத் திறந்தால் விவாதம் நடக்கிறதே என்று கேட்கலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கட்சிகள் அனுப்பிவைக்கும் செய்தித் தொடர்பாளர்கள், அவர்களோடு அரசியல் விமர்சகர் என்ற பெயரில் இன்னும் இரண்டு பேர். இவர்களில் பெரும்பாலோர் நம் வாக்குச்சீட்டில் இல்லாதவர்கள். அவர்கள் சொல்லும் சொல்லுக்கு நாளை நாம் போய் யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. நால்வரும் ஒரே நேரத்தில் பேச, நெறியாளர் இடைமறிக்க, விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது. ஒரு சேனல் மீது கோபம் வந்தால் கட்சிகள் ஆள் அனுப்புவதையே நிறுத்திவிடுகின்றன. போதாக்குறைக்குக் கட்சிக்கொரு தொலைக்காட்சியும் இருக்கிறது. தன் வீட்டுத் திரையில் தன்னைத் தானே பாராட்டிக்கொள்ள எந்தக் கட்சிக்கும் தடையில்லை. இதை நான் விவாதமாக ஏற்க மாட்டேன். நேரம் போக்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி பணத்துக்கு வருவோம். 2016 சட்டமன்றத் தேர்தலின்போது அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப்பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டு, நவம்பரில்தான் நடந்தது. ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் 2017 ஏப்ரலில் ரத்தாகி டிசம்பரில் நடந்தது. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கும் அதே கதி. நாட்டிலேயே பணப் புகாரால் மக்களவைத் தேர்தல் ரத்தானது அங்கேதான் முதல்முறை. தேர்தல் தள்ளிப்போனதைத் தவிர என்ன மாறியது? அரவக்குறிச்சியிலும் வேலூரிலும் முதன்மை வேட்பாளர்கள் அவர்களேதான் மறுபடியும் நின்றார்கள்.

பறக்கும் படையின் கெடுபிடியில் சிக்குவது வேறு ஆட்கள். உரிய ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறிமுதல் என்பதால், ஒவ்வொரு தேர்தலிலும் ஈரோடு ஜவுளிச் சந்தையில் வெளியூர் வியாபாரிகளின் வரத்துக் குறைகிறது. மாடு விற்று வரும் விவசாயி நெடுஞ்சாலையில் நின்று விளக்கம் சொல்கிறார். தொகுதிக்குள் போய்ச் சேரவேண்டிய பணம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பெரிய மாநிலங்களில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்வரை செலவு செய்யலாம் என்பது 2022 முதல் உள்ள வரம்பு. தொகுதிக்கு இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்று வைத்தால் ஒருவருக்கு 16 ரூபாய். பாதிப் பேருக்குத் தலைக்கு ஆயிரம் கொடுத்தாலே பன்னிரண்டரைக் கோடி ஆகிறது. கட்சி செய்யும் செலவுக்கோ சட்டத்தில் வரம்பே கிடையாது. பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது என்று ஊரே பேசிய தொகுதியிலும் வேட்பாளர் தாக்கல் செய்யும் கணக்கு வரம்புக்குள் அடங்கி நிற்கும். அந்தக் கணக்கை நம்பச் சொல்வது வாக்காளரை அவமதிப்பது.

வாக்குக்குக் காசு வாங்குபவரை இழிவாகப் பேசும் வழக்கம் படித்தவர்களிடையே இருக்கிறது. ஆயிரம் ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்கு வகுத்து, ஒரு நாளைக்கு இத்தனை பைசாவுக்கு விலைபோனாய் என்று மேடையில் சொல்வார்கள். அந்த வகுத்தல் கணக்கு எனக்குப் பிடிப்பதில்லை. நூறு நாள் வேலையில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். நாலு வாக்கு உள்ள வீட்டுக்கு வரும் நாலாயிரம் என்பது பன்னிரண்டு நாள் உழைப்புக்கு மேல். யார் ஜெயித்தாலும் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அந்த வீட்டுக்காரரின் அனுபவம். கையில் கிடைப்பதையாவது வாங்கி வைப்போம் என்று அவர் நினைக்கிறார். வாங்குவது குற்றம் என்று சட்டம் சொல்வது சரி. நானும் அதை ஆதரிக்கவில்லை. ஆனால், இந்த மனநிலையை உண்டாக்கியது அவருடைய பேராசை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேள்வி கேட்க ஒரு வாய்ப்பும் தரப்படாதவருக்கு, தேர்தலில் கைக்குச் சிக்குவது அந்த ஒரு நோட்டுத்தான்.

மேலே நடப்பது இன்னும் பெரிது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த பிறகு விவரங்கள் வெளிவந்தன. அதிகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி திமுகவுக்குப் போனது, அந்தக் கட்சியே தெரிவித்த கணக்கு. தமிழ்நாடு லாட்டரிச் சீட்டை 2003இலேயே தடைசெய்த மாநிலம். அதிமுக பெற்றது ஏறத்தாழ 6 கோடி. அதில் 5 கோடி சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனம் தந்தது. ஒருபக்கம் லாட்டரி, மறுபக்கம் கிரிக்கெட். சாமானியன் ஆசையிலும் பொழுதுபோக்கிலும் செலவழித்த காசு சுற்றிவந்து கட்சி நிதியாகச் சேர்கிறது. இவ்வளவு பெரிய தொகை எதற்காகத் தரப்பட்டது என்று ஒரு வாக்காளர் எதிரில் நின்று கேட்டு, தலைவர்கள் பதில் சொன்ன ஒரு மேடையை நான் பார்க்கவில்லை.

கேளிக்கைதான் அரசியலைக் கெடுத்தது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1952இல் வந்த ‘பராசக்தி’யின் உச்சக் காட்சியே ஒரு வழக்கு மன்றம். மக்கள் காசு கொடுத்துப் போய் ஒரு வாதத்தைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தும் அதைப் பேசினார்கள். எம்.ஜி.ஆர். முதல்வராவதற்கு முன் கால் நூற்றாண்டு கட்சி அரசியலில் இருந்தவர். சினிமாவின் செல்வாக்கு அன்றும் பெரிது. அதன் பக்கத்திலேயே படிப்பகமும் தெருமுனைக் கூட்டமும் இருந்தன. இன்று அவை தேய்ந்துவிட்டன, நட்சத்திரத்தைக் கண்ணால் பார்ப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய்யைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. யார் மீது தவறு என்பதை விசாரணை சொல்லட்டும். தலைவரை ஒரு நொடி பார்ப்பதே பிரச்சாரம் என்று எல்லாக் கட்சிகளும் பழக்கிவைத்திருப்பதை மாற்ற விசாரணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. 1998இல் தேர்தல் ஆணையம் வகுத்த திட்டப்படி அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் நேரம் ஒதுக்கப்படுகிறது. அதே திட்டம் கட்சிப் பிரதிநிதிகளின் விவாதத்துக்கும் இடம் தருகிறது. அதைக் கட்சியிலிருந்து வேட்பாளருக்கும், தலைநகரிலிருந்து தொகுதிக்கும் கொண்டுவர வேண்டும். தென்கொரியாவில் வேட்பாளர் விவாதம் சட்டக் கடமை. அதிபர் தேர்தலில் குறைந்தது மூன்று, தொகுதி அளவிலும் உண்டு. தகுந்த காரணமின்றி வராதவருக்கு அபராதம். டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பேரவைத் தலைவர் தேர்தலுக்கு இரவு முழுக்க விவாதம் நடத்துகிறார்கள். இருபது வயதுப் பிள்ளைகளால் முடிவது சட்டமன்ற உறுப்பினராக விரும்புபவரால் முடியாதா?

வேட்பாளரின் விருப்பத்துக்கு விட்டால் நடக்காது என்பதற்கு அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவில் 1960இல் கென்னடியும் நிக்சனும் விவாதித்தபின், அடுத்த மூன்று அதிபர் தேர்தல்களில் விவாதமே இல்லை, 1976இல்தான் மீண்டது. இங்கே 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் ஆகியோர் பிரதமர் மோடியையும் ராகுல் காந்தியையும் விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் சம்மதித்தார், விவாதம் நடக்கவில்லை. முந்தி இருப்பதாக நினைப்பவர் தானாக முன்வந்து மேடை ஏற மாட்டார். அதனால்தான் விதி வேண்டும்.

2021இல் கரூரில் 77 பேர் நின்றார்கள். எல்லோரையும் எப்படி மேடையேற்றுவது என்ற கேள்வி நியாயமானது. அங்கீகாரம் பெற்ற கட்சிகள், முந்தைய தேர்தலில் குறிப்பிட்ட சதவீத வாக்கு பெற்றவர்கள் என்று ஓர் அளவுகோல் வைக்கலாம். மற்றவர்களுக்குத் தனி அமர்வு. வாய்ச்சாலகம் உள்ளவரும் நடிகரும் ஜெயித்துவிடுவார்களே என்றும் சொல்வார்கள். எழுதிக் கொடுத்த வசனம் இல்லாமல், தன் தொகுதியின் பள்ளிக்கூடம், ஏரி, மருத்துவமனை பற்றி எதிராளியின் கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் பதில் சொல்லும்போது யாருக்கு என்ன தெரியும் என்பது தெரிந்துவிடும். தடுமாறிப் பேசினாலும் விஷயம் தெரிந்தவரை நம் மக்கள் அடையாளம் காண்பார்கள். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

இதனால் பணம் மறுநாளே நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. பணம் வாங்கியவரும் தான் கேட்ட பதிலை வைத்து வாக்களிக்க ஒரு வழி திறக்கும். அந்த வழியைத் திறக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்திடமும் நாடாளுமன்றத்திடமும் இருக்கிறது. அவர்கள் செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை உங்கள் தெருவுக்கு யார் வாக்குக் கேட்டு வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒன்றை மட்டும் கேளுங்கள்: எதிர்த்து நிற்பவரோடு ஒரே மேடையில், எங்கள் முன்னால் பேச வருவீர்களா?