பிக்கப்பில் பிக்கப் இல்லை

தலைப்பைக் கண்டு ஏதோ சொல் விளையாட்டு என்று வாசகர்கள் எண்ண வேண்டா. பத்தாண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் சென்ற மாதம் சொன்ன வாக்கியம் இது. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சிறு பட்டறைகளிலிருந்து ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப் ஒன்றைத் தவணையில் வாங்கித் தாமே ஓட்டுகிறார். அவர் வாக்கியத்தில் முன்னது வண்டியின் பெயர், பின்னது அதன் இழுவை. ஒரே ஆங்கிலச் சொல்லை இரு பொருளில் வாங்கிக்கொண்டு, இரண்டையும் ஒரே மூச்சில் குழப்பமின்றிப் புழங்குகிறது நம் தெருத்தமிழ்.

"மூணு சாமான் மாட்டினா இழுவை கூடும்னு சொல்றாங்க ஐயா. மாட்டலாமா?" என்பது அவர் கேள்வி.

இலக்கியப் பக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் பாரத்பென்ஸ், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாகக் கதவு திறந்த நிலம் இது. நம் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களில் பாதி அந்தக் கதவுகளுக்குள் போய்விட்டன. மீதி அவற்றின் வாசலில் வண்டியோடு காத்திருக்கின்றன. அவர்களுடைய கேள்வி நம்முடைய கேள்வி ஆகாதா?

அந்த மூன்று சாமான்களைச் சற்று விளக்க வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே போல்ட் போட்டு முடுக்கிவிடக்கூடியவை இவை. கடைக்காரர் மொழியில் 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்'. காற்றைத் தாராளமாக விடும் ஏர் ஃபில்டர் ஒன்று, புகையைத் தடையின்றி வெளியேற்றும் சைலன்சர் ஒன்று, ட்யூனிங் பாக்ஸ் எனப்படும் சிறு மின்னணுப் பெட்டி ஒன்று. அமெரிக்காவில் இவற்றுக்குப் பெரும் சந்தையே உண்டு. இங்கே 2016இல் ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் தயாராகி வந்த இசுசு வி-கிராஸ் போன்ற வண்டிகளை உல்லாசத்துக்காக வாங்கியவர்களும் இவற்றைத் தேடினார்கள். உல்லாச வண்டிக்காரருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை இன்று சரக்கு வண்டிக்காரரின் காதிலும் விழுகிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

ஃபில்டரை முதலில் பார்ப்போம். டீசல் எஞ்சின் இயல்பிலேயே தேவைக்கு மிகுந்த காற்றை உள்ளிழுப்பது. அதன் வலிமையை வரையறுப்பது பீய்ச்சப்படும் டீசலின் அளவு. ஆகவே காற்று வழியை மட்டும் அகலமாக்கினால் ஓட்டுநரின் காதுக்கு ஓசை கூடுமே தவிர, சக்கரத்துக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. அன்றியும் இவ்வகை ஃபில்டர்களில் பல, பஞ்சு வலையில் எண்ணெய் தடவியவை. எண்ணெய் மிகுந்தால் அது காற்றை அளக்கும் சென்சாரில் போய்ப் படியும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் நாள் முழுதும் ஊர்கிற வண்டிக்கு வேண்டியது தூசியை நிறுத்தும் ஃபில்டர். நிறுவனம் கொடுத்த காகித ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றினாலே இழந்த இழுவையில் ஒரு பங்கு திரும்பிவிடும். நம் மாணவர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்டோம். பதில் வரவில்லை.

ட்யூனிங் பெட்டிதான் மூன்றிலும் உண்மையாகவே வேலை செய்வது. ஆகவே அஞ்ச வேண்டியதும் அதுவே. அதன் உத்தி ஒரு பொய். டீசல் குழாயின் அழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சாருக்கும் எஞ்சினின் கணினிக்கும் நடுவில் அது அமர்ந்துகொள்கிறது. உண்மையான அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது, கூடுதல் டீசல் பாய்கிறது, இழுவை கூடுகிறது. அதோடு புகையின் வெப்பமும் கூடுகிறது. அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியவை பிஸ்டனும் டர்போவும். கூடிய முறுக்கத்தைத் தாங்க வேண்டியது கிளட்ச். இவை எவற்றையும் பெட்டி விற்றவர் மாற்றித் தரவில்லை. உல்லாச வண்டிக்காரர் மேட்டில் பத்து நிமிடம் அந்தக் கூடுதல் வலிமையைப் பயன்படுத்திவிட்டு இறங்கிவிடுவார். நம் மாணவரோ முழுப் பாரத்தோடு சித்திரை வெயிலில் நாள்தோறும் அதைப் பயன்படுத்துவார்.

சைலன்சரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டியில் புகைப்போக்கி வெறும் குழாயன்று. புகையைத் தூய்மை செய்யும் கருவிகள் அதன் வயிற்றிலேயே இருக்கின்றன. அவற்றை எடுத்தெறிந்து கிடைக்கும் சிறு வலிமைக்காகப் பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர் கரியைச் சுவாசிக்க வேண்டுமா?

சட்டமும் இங்கே தெளிவாகவே உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு வண்டியின் வகை, விற்பனைக்கு வருமுன் எத்தனை சோதனைகளைக் கடக்கிறது என்பதற்கு ஒரகடத்தில் இருக்கும் வாகன ஆராய்ச்சி மையமே சாட்சி. எஞ்சினை மாற்றி விளையாட இடமே இல்லையா என்றால், உண்டு. 1990இல் தொடங்கிய பந்தயத் தடம் இருங்காட்டுக்கோட்டையிலேயே இருக்கிறது. பந்தய எஞ்சின் வெடித்தால் வேறு எஞ்சின் வரும். தவணை வண்டிக்கு யார் தருவார்?

இவ்விடத்தில் புறநானூற்றின் 102ஆம் பாட்டு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. பொகுட்டெழினியைப் பாடும் ஔவை, உப்பு வணிகரின் வண்டியை உவமையாக்குகிறார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, வழியில் மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ தெரியாது. அந்த வணிகர் செய்த ஏற்பாடு என்ன? இன்னும் வலிய எருதைத் தேடவில்லை. வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டார். வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் உவமை நயத்தைச் சொல்லி நகர்ந்திருக்கிறோம். பாரம் மிகும்போது முதலில் முறிவது இழுப்பதன்று, தாங்குவது என்கிற வண்டிக்காரரின் அறிவை இந்த மாணவர்தான் நமக்குக் காட்டினார், தாம் அறியாமலே.

ஆகவே நம் ஆலோசனை எளியதாக இருந்தது. பெட்டிக்கு வைத்த பணத்தில் முதலில் பிரேக் லைனிங், பின் டயர்கள். அடுத்து ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் படிந்த மண்ணைக் கழுவி, அதன் ரப்பர் குழாய்களில் கசிவு பார்த்தல். ஆலை வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று ஊர்ந்து கொதித்துப்போகும் வண்டிக்கு இந்தக் கடைசி வேலை கைமேல் பலன் தரும்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வண்டியில குறை இல்லைங்க ஐயா. ரெண்டு நடை சரக்க ஒரே நடையில ஏத்தச் சொல்றாங்க. நேரத்துக்குப் போகலன்னா வாடகையில பிடிச்சுக்கிறாங்க."

இதற்கு நம்மிடம் விடையில்லை. அதிக பாரத்துக்கு இருபதாயிரம் ரூபாயும், மிகும் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரமும் அபராதம் என்கிறது சட்டம். ஆனால் சாலையில் நிறுத்தப்படுபவர் இவர். பாகம் குறித்த நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்று அட்டவணை போட்டவர் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். எஞ்சினில் தேடும் கூடுதல் இழுவை, அந்த அட்டவணையிலிருந்து இறங்கி வருவது. பெட்டி விற்கும் கடைக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை.

சென்ற வாரம் வண்டியோடு கல்லூரி வாசலில் வந்து நின்றார். பிரேக் லைனிங் புதிது, இன்டர்கூலர் கழுவப்பட்டிருந்தது, பெட்டி வாங்கவில்லை. வண்டி நன்றாக ஏறுகிறது என்றார். குனிந்து பார்த்தபோது பின் அச்சின் மேல் ஸ்பிரிங் பட்டையில் ஓர் அடுக்கு புதிதாகப் பளபளத்தது. அதைப் பற்றி அவர் நம்மிடம் கேட்டிருக்கவில்லை.