தேமல்தானே என்று விட்டுவிடாதீர்கள்



பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச முடியாத ஒரு விடயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம்மூரில் தோல் நோய் எட்டிப் பார்க்காத வீடு குறைவு. வெக்கையும் வியர்வையும் நிறைந்த கரையோரம். ஒருவருக்குப் படை, இன்னொருவருக்குத் தேமல், சின்னப் பிள்ளைக்குச் சொறி. இவ்வளவு சாதாரணமான ஒன்றை நாம் மறைக்கிறோம். காய்ச்சல் வந்தால் அடுத்த வீட்டுக்கும் சொல்கிறோம். படை வந்தால் சட்டைக் கையை இழுத்து மூடுகிறோம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யார் கலியாணம் முடிப்பான்?" என்ற பயம் எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

வெட்கப்படுகிறவர் டொக்டரிடம் போவதில்லை, பாமசிக்குப் போகிறார். அங்கே ஒரு கிறீம் கிடைக்கிறது. இரண்டு நாளில் கடி நிற்கிறது, சிவப்பும் குறைகிறது. அந்தக் கிறீமில் ஸ்டீரொய்ட் இருந்தால் அது படையைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கிறது. உள்ளே பங்கசு வளர்கிறது. கிறீமை நிறுத்தியதும் முன்பை விடப் பெரிதாகப் படர்கிறது. பிறகு சரியான மருந்து கொடுத்தாலும் மாதக்கணக்கில் இழுபடுகிறது.

சொறியும் அப்படித்தான். பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசுவதால் போகாது. வீட்டில் உள்ள எல்லோரும், கடி இல்லாதவர்களும், ஒரே நாளில் பூச வேண்டும். டொக்டர் சொன்னபடி ஒரு கிழமையில் மறுபடியும் பூச வேண்டும். உடுப்பு, படுக்கை விரிப்பு, துவாய் எல்லாவற்றையும் சுடுநீரில் கழுவி வெயிலில் போட வேண்டும். ஒரே துவாயைப் பலர் பாவிக்கும் மதரசா விடுதிகளின் பொறுப்பாளர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இவை தொந்தரவு தரும் நோய்கள், ஆனால் கையைக் காலை முடமாக்குவதில்லை. நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. கடியில்லாத, வலியில்லாத, கொஞ்சம் வெளிறிய அல்லது சிவந்த ஓர் அடையாளம். தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு. "தேமல்தானே" என்று விட்டுவிடுகிறோம். அது தொழுநோயாகவும் இருக்கலாம்.

அது ஒழிந்துபோன நோய் என்று பலர் நினைக்கிறார்கள். மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் நோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த காலம்தான் நம் நினைவில் இருக்கிறது. ஆனால் இலங்கையில் இன்றும் வருடத்துக்கு 1000க்கும் அதிகமானோர் புதிதாக அடையாளம் காணப்படுகிறார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவர் பிள்ளை.

இது பரம்பரை நோயுமல்ல, யாருடைய பாவத்துக்கும் தண்டனையுமல்ல. கிருமியால் வருவது. கைகொடுத்தாலோ பக்கத்தில் நின்று தொழுதாலோ தொற்றிவிடாது. மருந்து எடுக்காத ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகினால்தான் ஆபத்து, அப்போதும் பெரும்பாலானோரின் உடம்பு தானாகவே எதிர்த்துவிடும். 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். தாமதித்தால் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப் போகும். நோய் மாறினாலும் அந்த விரல் பழையபடி நிமிராமல் போகலாம்.

இப்போது சொல்லுங்கள், கலியாணத்தைக் கெடுப்பது எது? ஆறு மாத மருந்தா, மறைத்து வைத்த ஆறு வருடமா?

உம்மாமாரிடம் கேட்பது இதுதான். குளிப்பாட்டும்போது பிள்ளையின் முதுகையும் கை காலையும் ஒருமுறை பாருங்கள். சந்தேகமான அடையாளம் இருந்தால் பாமசியைத் தாண்டி ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் "மானம் போயிரும்" என்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். வெண்புள்ளி உள்ள பிள்ளையை வேறு வாங்கில் இருத்தச் சொல்லி எங்களிடம் வராதீர்கள், அது யாருக்கும் தொற்றுவதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஒரு ஜும்ஆவில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நோயை ஒளிக்கச் சொல்லவில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. வாசித்தவர்கள் உங்கள் குடும்பக் குழுக்களிலும் பகிர்ந்துகொள்ளுங்கள்.