காலவழுவும் வழுவமைதியும்: சிறு முதலீட்டுக் காலப்பயணப் படங்கள் குறித்து

தமிழில் அறிவியல் புனைவுத் திரைப்படம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பணத்தில் போய் முடிகிறது. வரைகலைக்கு வழியில்லை, ஆகவே அது நமக்குச் சரிப்படாது என்பதே பொதுவான தீர்ப்பு. அடுகோடியில் நான் குடியிருக்கும் பகுதியில், வார நாள்களில் மென்பொருள் வேலையும் வார இறுதியில் குறும்படமுமாக வாழும் தமிழ் இளைஞர்கள் சிலரை அறிவேன். காலப்பயணக் கதையொன்றை எழுதி முடித்துவிட்டு, பெரிய தயாரிப்பாளர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று கட்டி வைத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கட்டு அவிழ வேண்டும் என்பதற்காகவே இப்பதிவு. காலப்பயணப் படத்துக்கு முதல் தேவை பணமன்று, விதி.

மொழியியல் பயின்ற பழக்கத்தால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். அடுப்படியில் இருப்பவரை வாசலிலிருந்து கூப்பிட்டால் "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் வருகிறது. அவர் இன்னும் அடுப்பை விட்டு நகரவில்லை. வரப்போவதை வந்துவிட்டதாகச் சொல்வது காலவழு. ஆயினும் நம் இலக்கணிகள் அதைப் பிழையென்று தள்ளவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்கள் பற்றிக் காலம் பிறழலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. விரைவு பற்றி வரும் இத்தகைய மயக்கத்தைத் தொல்காப்பியம் முன்னரே ஏற்றிருக்கிறது. இதுவே காலவழுவமைதி. காரணம் இருந்தால் வழு அமைதி பெறுகிறது; இல்லையேல் வழுவாகவே நின்றுவிடுகிறது.

காலப்பயணப் படத்தை அளக்கவும் இந்தக் கோலே போதும். திரையில் காலத்தை மீறுவது எவருக்கும் எளிது. எந்த நிபந்தனையின்பேரில் மீறல் நிகழ்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பவற்றைச் சொல்லி, சொன்னதற்குக் கடைசிவரை கட்டுப்படும் படமே நல்ல அறிவியல் புனைவு.

2004இல் வெளிவந்த 'ப்ரைமர்' என்ற அமெரிக்கப் படத்தின் செலவு ஏறத்தாழ 7,000 டாலர் மட்டுமே. கணிதம் படித்தவரான ஷேன் கரூத் எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார். சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் முதன்மைப் பரிசு அதற்குக் கிடைத்தது. அதன் கால இயந்திரம் ஒரு பெட்டி. ஆறு மணி நேரம் பின்னோக்கிப் போக வேண்டுமானால் அந்தப் பெட்டிக்குள் ஆறு மணி நேரம் கிடக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை போதும்: காலப்பயணம் வரமாக இல்லாமல் உழைப்பாக மாறிவிடுகிறது. பின்னோக்கிப் போனவன் அங்கே தன் இன்னொரு உருவோடு ஒரே நாளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், நண்பர்களுக்கிடையே நம்பிக்கை சிதைகிறது. இவை எவற்றுக்கும் வரைகலை தேவைப்படவில்லை. அதற்கும் முன்பே, 1962இல், கிறிஸ் மார்க்கர் ஏறக்குறைய முழுவதும் அசையாத ஒளிப்படங்களைக் கொண்டே 28 நிமிடக் காலப்பயணப் படமொன்றைச் செய்து காட்டியிருக்கிறார்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய சான்று ஆர். ரவிக்குமாரின் முதல் படமான 'இன்று நேற்று நாளை' (2015). 2065இலிருந்து அனுப்பப்பட்ட கால இயந்திரம் வருமானமில்லாத இரு இளைஞர்களிடம் சிக்குகிறது. அவர்கள் வரலாற்றைத் திருத்தப் புறப்படவில்லை. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் சோதிடத் தொழில் தொடங்குகிறார்கள். இதை வெறும் நகைச்சுவை என்று கடந்துவிடுவது நியாயமன்று. கையில் மெய்யான அறிவியல் கருவி இருக்கிறது. ஆனால் அதைச் சோதிடம் என்ற பெயரில் விற்றால்தான் ஊர் நம்பிக் காசு கொடுக்கிறது! புதிய பொருள் ஒன்றை ஒரு சமூகத்துக்குள் போட்டு, அச்சமூகம் அதை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அறிவியல் புனைவின் வேலை. கோடிகளைக் கொட்டினாலும் வாங்க முடியாத அவதானிப்பு இது. பிறகு, அவர்களது தலையீட்டால் சாக வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துவிட, அந்தப் பிழைப்பின் விலை அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. சிறு லாபத்துக்காகச் செய்த மீறலுக்கும் கணக்கு உண்டு என்று படம் சொல்கிறது.

இதற்கு மறுப்பு ஒன்று வரும்: இயந்திரம் எப்படி இயங்குகிறது என்ற அறிவியல் விளக்கம் இல்லாமல் அது எப்படி அறிவியல் புனைவாகும்? 1895இல் வந்த எச். ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' நாவலிலும் பொறியியல் விளக்கம் மிகக் குறைவுதான். உழைப்போரும் உண்போரும் இரண்டு இனங்களாகவே பிரிந்துவிட்ட எதிர்காலம் அதில் இருக்கிறது. அதனால்தான் அது இன்னும் வாசிக்கப்படுகிறது. 'மாநாடு' (2021) சிறு முதலீட்டுப் படமன்று. அதன் காலச் சுழலுக்குச் சொல்லப்படும் காரணமும் தொன்மம் சார்ந்தது. ஆனால், நாயகன் இறந்தால் நாள் மீண்டும் தொடங்கும் என்ற விதியை அது காக்கிறது. வில்லனுக்கும் அந்த நினைவு கிடைத்துவிடும்போது ஆட்டம் சமமாகிறது. ஒரு சமூகத்தின்மீது பழிபோட்டுக் கலவரம் மூட்டும் சதியைத் தடுக்க அந்தச் சுழல் பயன்படுகிறது. இதற்கு மாறாக, '24' (2016) ஒளியும் பொலிவும் மிக்க படம். ஆனால் கைக்கடிகாரத்துக்கு இருபத்து நான்கு மணி நேர எல்லை என்று வகுத்துவிட்டு, கதைக்கு வேண்டியபோது அந்த எல்லையைத் தளர்த்திக்கொள்கிறது. எனக்கு அங்கே பதற்றம் வடிந்துவிட்டது. எதையும் திருத்தலாம் என்றான பின் எதை இழந்தாலும் வலிப்பதில்லை.

பணத்தட்டுப்பாடு ஒருவகையில் படைப்பாளிக்கு உதவியும் செய்கிறது. ஒரு வீடு, நான்கு நடிகர், ஒரு கடிகாரம் என்று சுருங்கும்போது கதை தன் விதியை மட்டுமே நம்பி நடக்க வேண்டியிருக்கிறது. ஓட்டையை மூட வெடிப்புக் காட்சி கிடையாது. அதற்காக வறுமையைப் போற்றுகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். ஒலிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். நான் சொல்வது இவ்வளவே: பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியவை உண்டு, சிந்தனை அவற்றுள் ஒன்றன்று.

ஆகவே, கதையைக் கட்டி வைத்திருக்கும் நண்பர்கள் மூன்று கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதிப் பார்க்கலாம். உங்கள் காலப்பயணத்தால் எது முடியாது? அதைச் செய்பவர் எதை இழக்கிறார்? அந்தக் கருவி உங்கள் தெருவுக்கு வந்தால் முதலில் யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும்? மூன்றுக்கும் நேர்மையான விடை இருந்தால் கைப்பேசியிலேயே படப்பிடிப்பைத் தொடங்கிவிடலாம். விடை இல்லையென்றால், எத்தனை கோடி வந்தாலும் வழு வழுவாகவே நிற்கும்.