திரையில் 35 நிமிடம்... ஆனால் ஆவதோ ஒரு மணி நேரம்! மொபைல் சார்ஜிங் கணக்கு தப்புவது ஏன்?

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் போனை சார்ஜில் போட்டால், 'முழுதாக நிறைய 35 நிமிடம்' என்று திரையில் காட்டுகிறது. குளித்து, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், 'இன்னும் 25 நிமிடம்' என்கிறது. "67 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?" என்று கோபம் வரும். அடுத்து பலரும் செய்வது, கடைக்குப் போய் இன்னும் அதிக வாட் சார்ஜரை வாங்குவது. அந்தப் பணம் பல நேரங்களில் வீண்தான். ஏன் என்று பார்க்கலாம்.

வாட் எண் எதைச் சொல்கிறது?

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 27 வாட்.

இன்று பரவலாக வரும் 5,000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி மின்சாரம் நிற்கும். வெறும் கணக்குப்படி 67 வாட் சார்ஜர் அதை 17 நிமிடத்தில் நிரப்பிவிட வேண்டும். ஆனால் நடைமுறையில் அப்படி நடக்காது. 67 வாட் என்பது உச்ச வேகம் மட்டுமே. பைக்கின் ஸ்பீடோமீட்டரில் 120 வரை எண் இருக்கிறது என்பதற்காக, அண்ணா சாலையில் 120-ல் போக முடியுமா? அதே கதைதான் இங்கும்.

கடைசி 20 சதவீதம் இழுப்பது ஏன்?

லித்தியம் அயன் பேட்டரி இரண்டு கட்டமாக சார்ஜ் ஆகிறது. முதல் கட்டத்தில் அதிக மின்னோட்டம் உள்ளே போகும், சதவீதம் கிடுகிடுவென ஏறும். பேட்டரியின் வோல்டேஜ் அதன் எல்லையைத் தொட்டதும் இரண்டாம் கட்டம். வோல்டேஜை அப்படியே நிறுத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது போன்.

காலி பஸ்ஸில் முதலில் ஏறுபவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டம் நிறைந்த பிறகு ஏறுபவர்தான் இடம் தேடித் திணற வேண்டும். பேட்டரியிலும் அப்படித்தான். நிறையும் நேரத்தில் வேகமாகத் திணித்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுள் குறையும், பாதுகாப்புக்கும் ஆபத்து. அதனால்தான் வேகம் வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது.

திரையில் வரும் நேரம் எப்படி வருகிறது?

2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல், சார்ஜ் நிறைய மீதமுள்ள நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி அந்த இயங்குதளத்திலேயே இருக்கிறது. ஐபோனில் 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 இந்த நேரத்தைக் காட்டத் தொடங்கியது.

இது வானிலை அறிக்கை போன்ற ஒரு கணிப்புதான். நிலைமை மாறினால் கணக்கும் மாறும். சார்ஜில் போட்டபடியே ரீல்ஸ் பார்த்தால், ஹாட்ஸ்பாட் போட்டால், வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும்.

அடுத்தது சூடு. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாத வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. போன் சூடானால் சார்ஜிங் வேகம் தானாகக் குறையும், சில நேரம் நின்றே போகும். அது கோளாறு அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. இரவு முழுக்க சார்ஜில் இருக்கும் போன் 80 சதவீதத்தில் நிற்பதும் பெரும்பாலும் பேட்டரியைக் காக்கும் செட்டிங்தான்.

சார்ஜர் இல்லாத பெட்டி

2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது பெட்டியில் இருந்து சார்ஜரை எடுத்தது ஆப்பிள். வேறு சில நிறுவனங்களும் அதே வழியில் போயின. 2022-ல் பிரேசில் அரசு, சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்கத் தடையே விதித்தது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் புதிய போன்களில் டைப்-சி கட்டாயம். ஃபாஸ்ட் சார்ஜிங் உள்ள போன்கள், 'யூஎஸ்பி பவர் டெலிவரி' என்ற பொது முறையையும் ஏற்க வேண்டும். குறைந்தது எத்தனை வாட், அதிகபட்சம் எத்தனை வாட் சார்ஜர் தேவை என்பதைக் காட்டும் லேபிளும் வேண்டும். இந்தியாவில் பிஐஎஸ் அமைப்பு டைப்-சிக்கான தர நிர்ணயத்தை வெளியிட்டது.

ஆனால் பிளக் ஒன்றாக இருப்பதால் வேகமும் ஒன்றாகிவிடாது. பல நிறுவனங்களின் அதிவேக சார்ஜிங் அவர்களின் சொந்தத் தொழில்நுட்பம். அதே சார்ஜர், அதே கேபிள் இருந்தால்தான் முழு வேகம். வேறு சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறும், ஆனால் மெதுவாக.

கேபிளிலும் விஷயம் இருக்கிறது. சாதாரண டைப்-சி டு டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 5 ஆம்பியருக்கு, உள்ளே தனி சிப் வைத்த கேபிள் வேண்டும்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* முதலில் போன் எத்தனை வாட் ஏற்கும் என்று பாருங்கள். 18 வாட் போனில் 100 வாட் சார்ஜர் போட்டாலும் 18 வாட்தான் எடுக்கும். போனுக்கு ஆபத்து இல்லை, பர்ஸுக்குத்தான் நஷ்டம்.

* சார்ஜரில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். வெறும் 5 வோல்ட், 2 ஆம்பியர் மட்டும் இருந்தால் அது 10 வாட் சார்ஜர். 5,000 எம்ஏஎச் பேட்டரி நிறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

* பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

* மெத்தை, தலையணை மேல் வைத்து சார்ஜ் போட வேண்டாம். போன் சூடானால் கவரைக் கழற்றிவிடுங்கள்.

டெலிவரி வேலையில் இருப்பவருக்கு போன் அணைந்தால் ஆர்டர் இல்லை, ஓடிபி இல்லை, வருமானமும் இல்லை. அவசர நேரத்தில் 100 சதவீதத்துக்குக் காத்திருப்பதைவிட, பேட்டரி 20-ல் இருக்கும்போதே போட்டு 70, 80-ல் எடுத்துவிடுவது லாபம். கையில் இருக்கும் 20 நிமிடத்தில் அதிக சார்ஜ் ஏறுவது அந்தப் பகுதியில்தான்.