உயராத கட்டணம் யாருக்குச் சேமிப்பு?

கலிபோர்னியாவின் சிற்றூர்கள் பலவற்றில் குடிநீர் வழங்கும் பொறுப்பு கூட்டுடைமை நீர் நிறுவனங்களிடம் உள்ளது. நீரைப் பெறும் வீட்டுக்காரர்களே பங்குதாரர்களாக இருந்து, தம்முள் சிலரை இயக்குநர்களாகத் தேர்ந்து, இலாபம் கருதாமல் அடக்கவிலைக்கே நீரைப் பகிர்ந்துகொள்ளும் தனியார் அமைப்புகள் அவை. பங்குதாரர்களுக்கு மட்டும் நீர் வழங்கும் வரை அவற்றின் கட்டணத்தை மாநில ஆணையம் எதுவும் நிர்ணயிப்பதில்லை என்பதால், பொதுக்கூட்டத்தில் எழும் குரல்களே கட்டணத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அங்கே வேரூன்றியுள்ள கருத்து இது: கட்டணத்தை உயர்த்தாமல் காப்பதே நல்ல நிர்வாகம், கையிருப்பு சேர்ப்பது பங்குதாரர் பணத்தை முடக்குவது, ஏதேனும் பழுதானால் அரசிடம் மானியம் பெற்றுக்கொள்ளலாம். இதன் எந்தப் பகுதியும் ஆய்வில் நிற்பதில்லை.

உயராத கட்டணம் சேமிப்பு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 200 இணைப்புகள் கொண்ட ஊரில், 30 ஆண்டு உழைக்கக்கூடிய எஃகுத் தொட்டியை மாற்ற 6 லட்சம் டாலர் ஆகும் என்று கொண்டால், ஆண்டுக்கு வீட்டுக்கு 100 டாலர், அதாவது மாதம் 8 டாலருக்குச் சற்று மேல், ஒதுக்க வேண்டும். விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஒதுக்காவிட்டால், தொட்டி துருப்பிடித்து ஒழுகும் ஆண்டில் வீட்டுக்கு 3,000 டாலர் சிறப்புத் தண்டலாக விதிக்கப்படும். அத்தொட்டியின் நீரை 25 ஆண்டு குடித்துவிட்டு வீட்டை விற்றுச் சென்றவர் எதையும் தருவதில்லை. அண்மையில் குடிவந்தவர் முழுவதையும் சுமக்கிறார். இதைச் சேமிப்பு என்பது தகாது, ஒருவரின் கடனை மற்றொருவர் தலையில் ஏற்றுவது என்பதே பொருந்தும்.

கையிருப்பு வீண் என்போர், அதைச் சட்டமே கட்டாயமாக்கியிருப்பதைக் கருதுவதில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கு நீர் தரும் கூட்டுடைமை நிறுவனம், பழுதுபார்ப்புக்கும் மாற்றீட்டுக்கும் போதிய காப்பு நிதி வைத்திருக்க வேண்டும் என்று மாநில நிறுவனச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. ஆயினும் எதற்கென்று சொல்லாமல் வங்கியில் கிடக்கும் பணத்தின் மீது ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தைத் தீர்ப்பது சொத்துப் பதிவேடு: ஆழ்துளைக் கிணறு, பம்பு, தொட்டி, குழாய், வால்வு ஒவ்வொன்றும் நிறுவப்பட்ட ஆண்டு, எஞ்சிய ஆயுள், மாற்றும் செலவு ஆகியவற்றைக் காட்டும் பட்டியல். 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வரவுசெலவுத் திட்டம் திறந்த கூட்டத்தில் நிறைவேற்றப்பட வேண்டியிருப்பதால், பதிவேட்டையும் அங்கேயே பங்குதாரர் முன் வைக்கலாம்.

பதிவேடு இல்லாத ஊரில் நிகழ்வது இது. பழைய கல்நார்ச் சிமென்ட் குழாய் ஒன்று நள்ளிரவில் வெடிக்கிறது. தெருமுனை வால்வை ஆண்டுக்கணக்கில் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை, ஆகவே அது இறுகிப்போய் அசைய மறுக்கிறது. வேறு வழியின்றித் தொட்டியடியில் நீர் நிறுத்தப்பட, ஊர் முழுவதும் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் இழந்த குழாய்க்குள் மண்ணிலுள்ள அழுக்குநீர் கசியக்கூடும் என்பதால், நீரைக் கொதிக்கவைத்தே குடிக்குமாறு அறிவிப்பு போகிறது. ஆண்டுக்கொருமுறை வால்வைத் திருப்பும் சில மணிநேரக் கூலியை மிச்சப்படுத்தியதன் விலை அது.

மானியத்தின் மீதுள்ள நம்பிக்கையே மிகவும் கேடு விளைவிப்பது. 1996இல் கூட்டாட்சிச் சட்டத் திருத்தத்தால் உருவான குடிநீர்ச் சுழல்நிதி அடிப்படையில் கடன் நிதி. திரும்பிவரும் தவணைகளே பிற ஊர்களுக்குக் கடனாகின்றன. திருப்பித் தரவேண்டாத உதவி பெரும்பாலும் வருவாய் குறைந்த ஊர்களுக்கே போகிறது; கலிபோர்னியாவில் மாநில இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது அதற்கான பொது அளவுகோல். அதைச் சற்றே தாண்டிய ஊருக்குக் கடனே வழி. கடன் தருவோர் தொழில்நுட்ப, நிர்வாக, நிதித் திறனை ஆராயும்போது, செலவுக்கே எட்டாத கட்டணம்தான் முதல் தடையாகிறது. மேலும் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருவாய் குறைந்த ஊர்களில் பாதுகாப்பான நீரைத் தரத் தொடர்ந்து தவறும் அமைப்பை அண்டை அமைப்போடு இணைக்க மாநில நீர் வாரியம் ஆணையிடலாம்.

ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் கட்டண உயர்வைத் தாங்கமாட்டார்கள் என்ற எதிர்வாதம் ஒன்றே கனமானது. ஆனால் அவர்களால் தாங்கவே முடியாதது எதிர்பாராமல் வரும் 3,000 டாலர்தான். சிறிது சிறிதாகக் கூடும் கட்டணத்தை முன்னறிந்து திட்டமிட இயலும். 10,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கு அமெரிக்க வேளாண் துறை 40 ஆண்டு வரை தவணையில் நீர்க்கடன் தருவதும் சுமையைப் பரப்பவே. அதற்கு விண்ணப்பிக்கவும் பொறியாளர் அறிக்கையும், கடனை அடைக்கக் கட்டணம் போதும் என்று காட்டும் கணக்கும் தேவை. அவற்றைத் தயாரிக்கும் செலவுக்குப் பெரும்பாலும் கையிருப்பையே நாட வேண்டியிருக்கிறது.