பொட்டலம் எவனுடையதோ, ஜெயில் பைக்காரனுக்கா?

நாகலாபுரத்தில் பஸ் ஏறி சென்னைக்குப் போகிறவர் யாரும் தன்னுடைய பையோடு மட்டும் போவதில்லை. "தம்பி, இதை வடபழனியில மாமா வீட்டுல குடுத்திருப்பா" என்று கடைசி நிமிஷத்தில் ஒரு மஞ்சப்பை கைக்கு வந்து சேரும். உள்ளே இருப்பது வத்தலா, உளுந்தா, கருப்பட்டியா என்று யாரும் பிரித்துப் பார்ப்பது கிடையாது. பார்த்தால் அது மரியாதைக் குறைச்சல்!

இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பையன்கள்தான் இன்று சென்னையில் பைக்கில் பார்சல் சுமக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டால் கரிசலில் பருத்தியும் இல்லை, மிளகாயும் இல்லை. காலேஜ் முடித்தவனுக்கு கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் கூலி கட்டுபடி ஆகாது. ஒரு பைக், ஒரு செல்போன், ஒரு லைசென்ஸ். மூன்றும் இருந்தால் சென்னையில் இரண்டே நாளில் வேலை கிடைத்துவிடுகிறது. பகலில் போலீஸ் பரீட்சைக்கும் குரூப்-4க்கும் படித்துவிட்டு ராத்திரியில் பைக் ஓட்டுகிற பையன்களும் இதில் உண்டு.

இவர்கள் தலைக்கு மேல்தான் இப்போது கத்தி தொங்குகிறது. கத்தியின் பெயர் கஞ்சா.

நெரிசலே மறைப்பு

கஞ்சா வியாபாரி சந்து முனையில் பதுங்கி நின்ற காலம் மலையேறி வருகிறது. இப்போது ஆர்டர் செல்போனில். பணமும் செல்போனில். சரக்கு ஒன்றுதான் நேரில் கைமாற வேண்டும். அதற்குத்தான் பைக்!

சாயங்காலம் 6 மணிக்கு கத்திப்பாராவிலும் வேளச்சேரியிலும் கார் நகராது. பைக் இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து போய்விடும். ஒரே நிறச் சட்டை, ஒரே மாதிரி பெட்டி மாட்டிக்கொண்டு சிக்னலுக்கு சிக்னல் பத்துப் பேர் நிற்கிறார்கள். எந்தப் பெட்டியில் பிரியாணி, எந்தப் பெட்டியில் கஞ்சா? டிராபிக் போலீஸ்காரர் எத்தனை பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார்?

இதில் இரண்டு ரகம் உண்டு. வியாபாரியே டெலிவரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவது ஒரு ரகம். அப்படிப்பட்ட ஆசாமிகளை சென்னை போலீசார் பல தடவை பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சபாஷ்! காசுக்கு ஆசைப்பட்டு, தெரிந்தே சுமக்கிற வாலிபருக்கும் அதே கதி வரட்டும். அவர்களுக்காக யாரும் பரிந்து பேசத் தேவையில்லை.

இன்னொரு ரகம் கொடுமையானது. வியாபாரி வீட்டில் உட்கார்ந்தபடி பார்சல் ஆப்பில் ஒரு பைக்கைக் கூப்பிடுகிறான். ஒட்டி மூடிய கவரைக் கொடுக்கிறான். கேட்டால் "துணி" என்கிறான். பையன் நூறு ரூபாய்க்கு அதை ஊரின் மறுகோடிக்குக் கொண்டு போகிறான். வழியில் சோதனையில் மாட்டினால் அனுப்பியவனின் செல்போன் அணைந்துவிடும். வாங்க வேண்டியவன் வாசலுக்கே வர மாட்டான். நடு ரோட்டில் சரக்கும் கையுமாக நிற்பது பைக்காரன் ஒருவன்தான்.

"தெரியாது" என்றால் போதுமா?

போதாது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அப்படி.

கஞ்சா 1 கிலோ வரை இருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தது 10 ஆண்டு. 20 ஆண்டு வரை போகலாம். அந்த அளவுக்கு ஜாமீன் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

சாதாரண வழக்கில் குற்ற எண்ணத்தையும் சேர்த்து போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் 35-வது பிரிவு அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. சரக்கு இன்னாரிடம் இருந்தது என்று காட்டிவிட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். "உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்பதைப் பையன்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் துளி சந்தேகத்துக்கு இடம் இல்லாமல்! நூறு ரூபாய்க்கு பார்சல் எடுத்தவன் எந்தச் சாட்சியைத் தேடிப் போவான்?

உடம்பைச் சோதிப்பதற்கு முன்னால், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை நடத்தும்படி கேட்கும் உரிமை உண்டு. ஆனால் கையில் இருக்கும் பைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2005-லேயே சொல்லிவிட்டது. பைக்காரனின் பிழைப்பே பையில்தான் இருக்கிறது!

அடுத்தது வண்டி. சரக்கு ஏற்றிய வண்டியைப் பறிமுதல் செய்ய 60-வது பிரிவு வழி விடுகிறது. தனக்குத் தெரியாது, தக்க முன்ஜாக்கிரதையும் எடுத்தேன் என்று சொந்தக்காரர் நிரூபித்தால்தான் தப்பும். அப்பா கடன் எழுதி வாங்கிக் கொடுத்த பைக் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும். தவணை மட்டும் மாதா மாதம் ஓடும். 2025 ஜனவரியில் அசாம் லாரி வழக்கு ஒன்றில், இப்படிப் பிடித்த வண்டியை வழக்கு முடியும் முன்பே இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதி உள்ளவருக்கு அது நல்ல செய்தி.

எல்லாவற்றையும் விட வயிற்றைக் கலக்குவது வேறு ஒன்று. தமிழ்நாடு போலீஸ் வேலைக்கான விதியில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து கோர்ட் விடுதலை செய்தால்கூட, அவர் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். ஆக, கேஸில் ஜெயித்து வந்தாலும் காக்கிச் சட்டைக் கனவு போயே போச்சு. கான்ஸ்டபிள் பரீட்சைக்கு ஓடிப் பழகும் எத்தனை கரிசல் பையன்களுக்கு இந்த விதி தெரியும்?

டொரண்டோவில் யார் சுமக்கிறார்?

கஞ்சாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது சட்டப்படி நடக்கிற ஊர்களும் உலகத்தில் உண்டு. அங்கே யார் சுமக்கிறார் என்பதைப் பார்த்தால்தான் இங்கே நடக்கும் அநியாயம் விளங்கும்.

கனடா 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவை அனுமதித்தது. ஈழத் தமிழர்கள் நிறைந்த டொரண்டோ நகரம் நெரிசலில் சென்னைக்குச் சளைத்தது இல்லை. 2022 அக்டோபரில் அங்கே ஊபர் ஈட்ஸ் ஆப்பில் கஞ்சா ஆர்டர் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், சாப்பாடு கொண்டு போகும் பையன் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. லைசென்ஸ் பெற்ற கடையின் சொந்த ஆள், அதற்கென்று பயிற்சிச் சான்று வாங்கியவர், கொண்டு போக வேண்டும். வாசலில் நின்று 19 வயது ஆகிவிட்டதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கும் கலிபோர்னியாவில் இன்னும் கெடுபிடி. கடையின் சம்பளப் பட்டியலில் இருக்கும், 21 வயது நிரம்பிய ஆள்தான் கொண்டு போகலாம். மூடிய மோட்டார் வண்டி, அதில் ஜி.பி.எஸ். கருவி. சைக்கிளில் போகக்கூடாது.

சட்டப்படி நடக்கிற இடத்திலேயே பொறுப்பைக் கடைக்காரன் தலையில் கட்டியிருக்கிறார்கள். திருட்டுத்தனமாக நடக்கிற இடத்தில் அதே பொறுப்பு ஒன்றும் தெரியாத கூலிக்காரன் தலையில் விழுகிறது!

இதைச் சொன்னால் உடனே "இங்கேயும் கடை திறக்கச் சொல்கிறாயா" என்று கிளம்புவார்கள். இல்லை. (உத்தரப் பிரதேசத்தில் அரசு லைசென்ஸோடு பாங் கடை நடக்கிறது. பூவும் காயும் சேராத வெறும் இலையை 1985 சட்டம் கஞ்சா என்று சொல்லவில்லை என்பதால் வந்த வினோதம் அது. அது தனிக் கதை.)

பெரிய கம்பெனிகளும் இதில் ஏமாந்திருக்கின்றன. 2021 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தில் பிண்ட் மாவட்டப் போலீசார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். "சீனித்துளசி இலை" என்று பெயர் போட்டு, நாடறிந்த இணைய விற்பனைக் கம்பெனி மூலமாகவே அவர்கள் கஞ்சாவை அனுப்பியிருக்கிறார்கள். சுமார் 1,000 கிலோ போயிருக்கும் என்பது போலீசார் சொன்ன கணக்கு. வீடு வீடாகக் கொண்டு போனவர்கள் சீனித்துளசி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு கஞ்சா புதிதல்ல. வேம்பார், தருவைகுளம் கடற்கரையில் பீடி இலை, மஞ்சளோடு கஞ்சா மூட்டையும் இலங்கைக்குப் படகு ஏறப் பார்க்கும். அங்கே அதற்கு "கேரளக் கஞ்சா" என்று பெயர்! அந்த மூட்டைகளைக் கரைக்குக் கொண்டு வரும் லோடு வேன் டிரைவருக்கும் மேலே சொன்ன சட்டம் அப்படியே பொருந்தும். வாடகைக்கு வண்டி விடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

2021 டிசம்பரில் தொடங்கி தமிழக போலீசார் "கஞ்சா வேட்டை" என்ற பெயரில் பல சுற்று நடத்தினார்கள். ஏராளமான பேர் கைதானார்கள். நல்லது. ஆனால் பைக்காரனைப் பிடித்ததோடு கணக்கை முடிக்கக்கூடாது. அவன் கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து மேலே போகவும் முடியாது. இந்தச் சட்டத்தில் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்று, தமிழ்நாட்டில் இருந்து போன தூபான் சிங் வழக்கில், சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபரில் சொல்லிவிட்டது. பார்சலை புக் செய்த ஆப் கணக்கு இருக்கிறது. பணம் போன பாங்கி கணக்கு இருக்கிறது. கவரை வாங்கிய இடம் ஜி.பி.எஸ்.ஸில் பதிந்து கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் வியாபாரியின் வீட்டு வாசலுக்கே போகலாம்.

கம்பெனிகளின் பொறுப்பு இதைவிடப் பெரிது. "சட்ட விரோதப் பொருள் அனுப்பக் கூடாது" என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டு கையைக் கழுவிக்கொள்கிறார்கள். கேஸ் சிலிண்டருக்கே ஓ.டி.பி. நம்பர் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒட்டிய கவரை அனுப்புகிறவனிடம் அடையாள அட்டை கேட்பதற்கு என்ன தயக்கம்? பார்சலைத் திறந்து காட்டி, செல்போனில் படம் எடுத்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும் என்று ஆப்பிலேயே வைத்துவிடலாம். அந்தப் படம்தான் நாளைக்கு கோர்ட்டில் பையனுக்குச் சாட்சி. 2023-ல் தமிழக அரசு இந்தத் தொழிலாளருக்கு என்று நலவாரியம் அமைத்தது. வாரியம் கம்பெனிகளைக் கூப்பிட்டு இதைக் கேட்க வேண்டும்.

பையன்களும் ஊர்ப் பழக்கத்தை ஊரோடு விட்டுவிட வேண்டும். சென்னையில் "உள்ளே என்ன அண்ணே, பிரிச்சுக் காட்டுங்க" என்று கேட்பதில் மரியாதைக் குறைச்சல் எதுவும் இல்லை. காட்ட மறுத்தால் எடுக்கக் கூடாது. சந்தேகம் தட்டினால் 10581 என்ற இலவச நம்பருக்கு ஒரு போன்.

ஆர்டரை கேன்சல் செய்தால் ரேட்டிங் குறைகிறது, அன்றைய போனஸ் போகிறது என்பது பையன்களின் புகார். பிரிக்காத கவரை வேண்டாம் என்றவனுக்கு ரேட்டிங் குறையாது, காசும் பிடிக்க மாட்டோம் என்று எழுத்து மூலம் உத்தரவு போட எந்தக் கம்பெனி முதலில் வரப் போகிறது?