பன்னிருமுகி: எண்ணும் வடிவும்

விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரம் போன்று பாறைக்குன்றுகள் சூழ்ந்த ஊர்களில் தமிழ்வழி பயிலும் மாணவர், கலைச்சொல்லைக் கற்குமுன்னரே கல்லைக் கண்டவர். கண்டதைத் தெளிவிக்கும் சொல்லையே அவருக்கு நாம் தருதல் வேண்டும். படிகவியலில் அரிதாக வழங்கும் 'ஸ்கேலனோஹெட்ரன்' என்னும் சொல்லைத் தமிழாக்குங்கால் இக்கடமையின் அருமை புலப்படும்.

சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமாகிய கால்சைட், கூரிய பல் போன்ற படிகமாக வளர்வதுண்டு. அவ்வடிவமே ஸ்கேலனோஹெட்ரன். அதற்குப் பன்னிரண்டு முகங்கள். ஒவ்வொன்றும் அசமபக்க முக்கோணம். சமமின்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர். ஒரு முகத்தின் மூன்று விளிம்புகளே நீளத்தால் வேறுபடுவன. முகங்களோ தம்முள் ஒத்தவை.

இதனை 'அசமபக்கமுகி' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் பிறழும். 'பக்கம்' என்பது தளவடிவத்தில் கோட்டையும், பொதுவழக்கில் திண்மப்பொருளின் முகத்தையும் குறிக்குமாதலின், முகங்கள் சமமற்ற வடிவம் என்றே கற்போர் கொள்வர்.

'பன்னிருமுகி' எனினும் போதாது. கோமேதகம் சார்ந்த கார்னெட் இனத்துப் படிகங்களுள் பலவற்றிற்கும் பன்னிரண்டு முகங்கள், அவை சாய்சதுரங்கள். பைரைட் படிகங்கள் சிலவற்றில் அவை ஐங்கோணங்கள். ஆயினும் ஒழுங்கு ஐங்கோணங்கள் அல்ல. வடிவியல் நூல்கள் கூறும் ஒழுங்குப் பன்னிருமுகியோ கனிமப் படிகமாகத் தோன்றுவதில்லை. ஐந்துமடிச் சமச்சீர், படிகத்தின் மீள்வரும் அடுக்கோடு பொருந்தாது.

ஆதலின் முகவடிவை முன்னும் எண்ணைப் பின்னும் நிறுத்தி, அசமமுக்கோணப் பன்னிருமுகி, சாய்சதுரப் பன்னிருமுகி, ஐங்கோணப் பன்னிருமுகி எனப் பெயரிடுதலே தக்கது. வேதியியல் பாடநூல்களில் வேரூன்றிய 'நான்முகி', 'எண்முகி' என்பவற்றின் மரபும் இதனால் காக்கப்படும்.

அசமபக்க முக்கோணங்களால் இயன்ற இரட்டைப் பட்டைக்கூம்பும் உண்டே, இப்பெயர் அதனோடு மயங்காதோ எனின், மயங்காது. பட்டைக்கூம்பில் இடைவிளிம்புகள் ஒரே தளத்தில் அமைவன; ஸ்கேலனோஹெட்ரனில் அவை மேலும் கீழுமாக வளைந்து செல்வன. முன்னதற்கு 'இரட்டைப் பட்டைக்கூம்பு' என்னும் பெயரையே நிலைபெறச் செய்து, 'முகி' என்பதைப் பின்னதற்கு உரியதாக வரையறுத்தல் போதும்.

சொல் நீள்கிறதே என்பார் உளர். நீளினும் குற்றமில்லை. கையிலுள்ள படிகத்தின் முகங்களை எண்ணி, வடிவத்தை நோக்கி, பெயரை மாணவர் தாமே வருவித்துக்கொள்ள இயலுமாயின், அச்சொல்லை மனப்பாடம் செய்யும் தேவை எழாது.